கிழக்கு பார்த்த வாசல்

“பன்னிரண்டு வயசுப் பொண்ணுக்கு இந்தக் கட்டில் ரொம்ப உயரம். எடுத்துட்டுப் போ,” என்றாள் ஆர்டெல்.

மருமகள் ரோலீன் மடக்குக் கட்டிலை மறுபடியும் வண்டியில் ஏற்றினாள். “அப்போ எங்க படுக்க வைக்கப் போறீங்க அத்தை?”

“தரையிலதான். வாசலுக்கு நேர் எதிரே, காட்டெருமைத் தோல் விரிச்சு. அதுதான் மரியாதையான இடம்.”

கூடாரமே இன்னும் எழும்பவில்லை. பதினைந்து பைன் கழிகளும் ஆற்றங்கரைப் புல்லில் கிடந்தன, பக்கத்தில் கித்தான் மூட்டை. ஆகஸ்ட் வெயில் மண்டையைப் பிளந்தது.

“வீட்டுல ஏசி இருக்கு. அங்கேயே வெச்சுக்கலாமே,” என்று ரோலீன் மெல்ல இழுத்தாள்.

“நம்மகிட்டேருந்து பிடுங்கிட்டுப் போய், பள்ளிக்கூடத்துல செங்கல் சுவத்துக்குள்ள அடைச்சு வெச்சிருந்தாங்க. இங்க வந்தும் சுவரா? நாலு நாள். நாலு நாளும் இந்த டீப்பிக் கூடாரத்துலதான் இருப்பா, நானும் அவகூடத்தான் இருப்பேன்.”

ரோலீன் வண்டிக் கதவைச் சாத்தினாள். அத்தைக்கு எழுபத்தொரு வயது. அந்தப் பிள்ளையைத் திருப்பிக் கொடுங்கள் என்று பதினோரு வருஷமாக அரசாங்கத்துக்கு மனு எழுதியவள். வாஷிங்டனுக்கு எழுதினாள், பள்ளிக்கூடம் இருந்த ஊருக்கு எழுதினாள், பதில் வராதபோது இன்னும் இரண்டு எழுதினாள்.

ஆர்டெல் மூன்று கழிகளைச் சேர்த்துக் கயிற்றால் இறுக்கினாள். முடிச்சு இரண்டு முறை நழுவியது. கொழுந்தன் ஹோபர்ட் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வேடிக்கை பார்த்தான்.

“அண்ணி, நீங்க முடிச்சுப் போடறதுக்குள்ள பனி விழ ஆரம்பிச்சுடும்.”

“வாயால கட்டறதா இருந்தா நீ பத்துக் கூடாரம் கட்டியிருப்பே. கயித்தைப் பிடி.”

“எங்கண்ணன் எப்படித்தான் உங்ககூடக் குப்பை கொட்டினாரோ!”

“குறட்டை விட்டுத் தப்பிச்சார்.”

சிரித்துக்கொண்டே ஹோபர்ட் கயிற்றை இழுத்தான். முக்காலிபோல் மூன்று கழிகளும் நிமிர்ந்தன. மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சாய்த்து, கடைசிக் கழியோடு கித்தானைத் தூக்கி, இரண்டு பக்கமும் சுற்றிக் கொண்டுவந்து முன்னால் குச்சிகளைக் கோத்தார்கள். ஆர்டெல் சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். வாசல் கிழக்கே இருந்தது. அந்தப் பிள்ளையும் கிழக்கேயிருந்துதான் வருகிறாள்.

காற்று வரட்டும் என்று கித்தானின் கீழ்விளிம்பைச் சுருட்டிவிட்டு ரோலீன் உள்ளே போனாள். தோல் விரிப்பின்மேல் ஒரு ஜோடி மணி கோத்த காலணிகள் இருந்தன.

“கால் அளவு எப்படித் தெரியும் அத்தை?”

“பள்ளிக்கூடத்துக் காகிதத்துல வயசுதான் இருந்துச்சு, கால் அளவு இல்ல. உன் சின்னவ காலை அளந்து தைச்சேன்.” காலணிகளை எட்டி நேராக்கியபடி, “தலைமுடியை வெட்டிட்டதாவும் போட்டிருந்தாங்க,” என்றாள்.

கைப்பேசி அடித்தது. மகன் லைல். மூன்று நாளாக வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறான்.

“அம்மா, பாலம் தாண்டிட்டோம்.”

“வழியெல்லாம் பேச்சுக் கொடுத்தியா?”

“கொடுத்தேன்மா. ஆறு வந்தா ஆறு, குன்று வந்தா குன்று, எல்லாம் சொல்லிட்டே வர்றேன்.”

“நம்ம பாஷையிலயா?”

“எனக்குத் தெரிஞ்ச லகோட்டா பாதி வழிக்குத்தான்மா வந்துச்சு. மீதியை இங்கிலீஷ்ல சொன்னேன். கோவிச்சுக்குவாளா?”

“மாட்டா,” என்றாள் ஆர்டெல். கைப்பேசியை வைத்துவிட்டு முந்தானைபோல் சால்வையை இழுத்து முகத்தைத் துடைத்தாள்.

“அண்ணி, முதல்ல என்ன சொல்லப் போறீங்க?” என்றான் ஹோபர்ட். இப்போது அவன் குரலில் கேலி இல்லை.

“பதினோரு வருஷமா யோசிக்கிறேன். ஒண்ணும் உருப்படியா வரல.”

சூப்புக் கொதித்தது. காட்டுச் செர்ரிக் கூழை ரோலீன் இறக்கி வைத்தாள். ஆர்டெல் ஒரு சின்னக் கிண்ணத்தில் முதல் கரண்டியை ஊற்றி, கூடாரத்துக்குள் தோல் விரிப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து, பாதையின் இரண்டு ஓரத்திலும் வரிசையாக நின்றார்கள்.

புழுதி கிளப்பிக்கொண்டு வண்டி வந்து நின்றது. லைல் இறங்கினான். மூன்று நாள் தூக்கமில்லாத கண்கள். பின்கதவைத் திறந்து, இரண்டு கைகளையும் நீட்டி, அலுங்காமல் அவளைத் தூக்கினான்.

ஹோபர்ட் தொப்பியைக் கழற்றினான்.

லைல் கூடாரத்துக்குள் குனிந்து நுழைந்து, தோல் விரிப்பின் நடுவே அந்தத் தேவதாருப் பெட்டியை இறக்கி வைத்தான். பள்ளிக்கூடத்து இடுகாட்டிலிருந்து எடுத்த எலும்புகள்; பெட்டி ஒரு கைக்குழந்தையின் தொட்டில் அளவுகூட இல்லை.

ஆர்டெல் மண்டியிட்டாள். பெட்டியின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தாள். கதறி அழுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவளோ, வீட்டுப் பெரியவர்களிடம் பேசுகிற பணிவான குரலில், மெதுவாகச் சொன்னாள்:

“வாங்க பாட்டி... நான் உங்க தங்கச்சியோட பேத்தி. உங்களைக் கூட்டிட்டு வர எங்களுக்கு நூத்திநாப்பது வருஷம் ஆயிடுச்சு.”