தெற்கின் பங்கு

2022 செப்டம்பர் 7 அன்று, சேத்தியாத்தோப்புக்கு அருகே ஒரு கிராமத்தில் அம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு முந்தைய நாள், திசைக் காவலர்களுக்குப் பலி கொடுத்தார்கள். எட்டுத் திசையிலும் மதிலுக்கு வெளியே ஒரு பூசணிக்காயை வெட்டிக் குங்குமம் தடவி வைப்பார்கள். ஏழு முடிந்தன. தெற்கு மட்டும் பாக்கி. அங்கே மதிலை ஒட்டிப் பழனிவேலின் வாசல். அவர் கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே நின்றார்.

"மாமா, ஒரு நிமிஷம் தொறங்க" என்றார் கோயில் நிர்வாகி பாண்டியன். பழனிவேல் அவருடைய அக்காள் சௌந்தரத்தின் கணவர்.

"எமனுக்குச் சோறு போட என் வாசல்தான் கெடச்சுதா மச்சான்? உன் வூட்டுக்கு இட்டுக்கினு போ."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். பாண்டியனுக்கு முகம் சிவந்தது.

"மதிலுக்கு உள்ளாறயே வெட்டிடறேன் சாமி" என்று குருக்களிடம் சொன்னார்.

"எமன் வெளியிலதாங்க நிப்பார்" என்றார் குருக்கள்.

பாண்டியன் கேட்கவில்லை. உள்ளே திரும்பி, மதிலோரம் பூசணிக்காயை வைத்து அரிவாளை ஓங்கி மூன்று முறை வெட்டினார். காயில் கீறல்கூட விழவில்லை. மதிலுக்கு அப்பால் சௌந்தரம் அலறினார்.

கேட்டை உடைத்துப் போனார்கள். பழனிவேல் வாசலில் தலை பிளந்து கிடந்தார். பக்கத்தில் யாரும் வரவில்லை என்றார் சௌந்தரம். பாண்டியனின் அரிவாளிலிருந்து இரத்தம் சொட்டியது.

அவர் மதிலைத் தாண்டவே இல்லை என்று ஊரே போலீசிடம் சொன்னது. பாண்டியன் இப்போது கடலூர் சிறையில் இருக்கிறார்.