கிழக்கின் ஒரே படம்

டமார்!

காற்று அடித்த அடியில் காரின் கதவு முன்பக்கமாக மடங்கிப் போய்விட்டது. ஒரு கீல் பிய்ந்து தொங்கியது.

கதவைத் திறந்த என் அண்ணன் எகில், கையை உதறிக்கொண்டு நின்றான்.

மலைப்பாதையின் உச்சி அது. கீழே துறைமுகம். சாயங்காலம் டென்மார்க் கப்பல். வாரத்துக்கு ஒன்றுதான். வேலை கிடைத்து, என் வீட்டையே பெட்டி பெட்டியாக இந்தக் காருக்குள் அடைத்து, காரோடு போகிறேன்.

"அறிவிருக்காண்ணா உனக்கு? காத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தணும்னு எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதானே!"

ஐஸ்லாந்தில் பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். காரின் மூக்கு காற்றைப் பார்க்க வேண்டும். இவன் முதுகைக் காட்டி நிறுத்தியிருக்கிறான்.

"என்னை அப்புறம் திட்டு, ஸ்வாவா. முதல்ல அங்க பாரு."

பார்த்தேன்.

போவதற்குள் நாடு முழுவதையும் படம் பிடித்துவிட வேண்டும் என்று கோடையெல்லாம் சுற்றியிருந்தோம். மேற்கில் கடற்பறவைகள் அப்பிய செங்குத்துப் பாறைகள். வடக்கில் ஆவி கக்கும் மண். தெற்கில், கறுப்பு மணலில் கண்ணாடியாகக் கரை ஒதுங்கிய பனிக்கட்டிகள். எகில்தான் கேமரா முக்காலியைச் சுமந்தான். என் விரல்கள் விறைத்தபோது காய்ந்த மீனில் வெண்ணெய் தடவி ஊட்டிவிட்டான். 'போகாதே' என்று மட்டும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

கிழக்கில்தான் ஒரு படமும் இல்லை. வந்த நாள் முதல் மூடுபனி.

இப்போது கதவைப் பிய்த்த அதே காற்று, பனியையும் பிய்த்துக்கொண்டிருந்தது.

முதலில் ஒரு பச்சைச் சரிவு. பிறகு, மலைகளுக்கு நடுவே நுழைந்து நீண்டு கிடக்கும் கடல். எதிர்ச் சரிவில் அருவிகள் கீழே விழவில்லை. காற்று அவற்றை மேல்நோக்கி அடித்தது. வெள்ளைப் புகையாக வானத்துக்கே திரும்பின.

மூச்சு விடாமல் அழுத்தினேன். இந்தக் கோடையின் ஆகச் சிறந்த படம்.

திரும்பினால், தொங்கும் கதவு. இந்தக் காற்றில் இதை வைத்துக்கொண்டு மலை இறங்க முடியாது. பட்டறைக்குப் போன் செய்தேன். புதுக் கதவு தலைநகரிலிருந்து வர வேண்டுமாம்.

கீழே கப்பல் கிளம்பும் சங்கு ஊதியது. இனி அடுத்த வாரம்தான்.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நிறுத்தும் முன் எகில் சாலையோரப் புல் சாயும் பக்கத்தைப் பார்த்தான். காற்றைப் பார்த்து வந்த காரை ஒரு வட்டமடித்துத் திருப்பினான். நான் படம் எடுக்க வசதியாக இருக்கும் என்று செய்கிறான் என நினைத்தேன்.

"அண்ணா... உண்மையைச் சொல்லு. நீ மறந்துதானே இப்படி நிறுத்தினே?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. மேலே ஏறும் அருவியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"இந்தக் காத்துலயே பொறந்து வளர்ந்தவன் நான். மறப்பேனா?"