பதினாலாம் நம்பர் சென்சார்

"அண்ணாச்சி, ஒரு சென்சார், ஒரு வயல், ஒரு போன் நம்பர். அதுதான் ரூல். நீங்க ரெண்டு வயல்ல ஊண்டுதிய, ரெண்டு நம்பர் குடுத்திருக்கிய. இது ஏமாத்து இல்லையா?"

சென்சார் ஆபீஸில் மீனலோசினி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். எதிரே ஆறுமுகச்சாமி நாற்காலி நுனியில் உட்கார்ந்து துண்டைப் பிசைந்துகொண்டிருந்தார்.

சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்தில் நாற்பது வயல்களில் மண்ணின் ஈரத்தை அளக்கும் சென்சார் ஊன்றியிருக்கிறார்கள். ஈரம் குறைந்தால், 'இன்று தண்ணீர் பாய்ச்சவும்' என்று வயல்காரருக்கு மெசேஜ் போகும். கிணறு அடி மட்டத்துக்குப் போகிற காலத்தில், பூச்செடி பிழைப்பதும் கருகுவதும் அந்த மெசேஜில்தான் இருக்கிறது.

இதுவரை எல்லாம் எக்செல் ஷீட்டில் கிடந்தது. அது சத்திரம் மாதிரி, யார் எதைக் கொண்டுவந்து போட்டாலும் வாங்கிக்கொள்ளும். மீனலோசினி கட்டுகிற டேட்டாபேஸ் அப்படியா? சென்சாருக்கு ஒரு டேபிள், வயலுக்கு ஒரு டேபிள், ஆளுக்கு ஒரு டேபிள். ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போட்டு, ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது என்று சட்டமும் வைத்திருந்தாள்.

முப்பத்தொன்பது சென்சார் சமர்த்தாக உள்ளே போய்விட்டன. பதினாலாம் நம்பர் மட்டும் மல்லுக்கட்டியது.

"திங்கள், புதன், வெள்ளி அடுத்த வயல்ல நிக்கு. மத்த நாள் உங்க வயல்ல. யாருக்கு அண்ணாச்சி வாடகைக்கு விடுதிய?"

"வாடகையா! என்ன தாயி, இப்படிக் கேட்டுட்டிய?"

"அப்ப அந்த ரெண்டாவது நம்பர் யாரோடது?"

மனுஷர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

"சொல்லாட்டி சென்சாரைப் பிடுங்கிருவாங்க. வேணும்னு கேட்டு அம்பது பேரு காத்துக் கெடக்காங்க."

"பிடுங்கிராதிய தாயி! வேணும்னா என் வயலை எடுத்துருங்க. அந்த வயலை மட்டும் விட்டுருங்க."

இதென்ன கூத்து! மீனலோசினிக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. சட்டென்று அந்த நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"யாரு?" என்றது ஒரு பெண் குரல்.

"சென்சார் ஆபீஸ்ல இருந்து பேசுதோம். உங்க பேரு?"

"முத்துமணி. யம்மா, நீங்கதானா! நல்லா இருப்பிய. உங்க ஆளு விடியுறதுக்கு முன்னாடியே வந்து ஊண்டிட்டுப் போயிருதாரு, ஒரு நாளும் கண்ணுல பட்டதில்ல. அந்த மெசேஜ் மட்டும் இல்லைன்னா இந்தக் கோடையில என் பிச்சிக்கொடி பூராம் கருகியிருக்கும். எங்க வீட்டுக்காரரு போன பெறகு, அந்தப் பூவுலதான் உலை கொதிக்கு."

எங்க ஆளா? மீனலோசினி நிமிர்ந்தாள். ஆறுமுகச்சாமி இரண்டு கையையும் கூப்பி, சொல்லிவிடாதே என்று தலையை ஆட்டினார்.

"அந்த ஆளு பேரைச் சொல்லும்மா. ஆடித்தபசுக்குக் கோயிலுக்கு வரும்போது அவரு பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணணும். எனக்கும் கூடப்பிறந்த அண்ணன்னு ஒருத்தன் இருக்கான், அடுத்த வயல்லயே. ஒரு வரப்புத் தகராறு. ஒம்பது வருசமா செத்தியா பொழைச்சியான்னு கேக்கல. முன்னபின்ன தெரியாத ஆளுக்கு இருக்க எரக்கம் அவனுக்கு இல்லையே!"

ஆறுமுகச்சாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மீனலோசினி, "சாமி பேருக்கே பண்ணிருங்கக்கா" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அப்புறம் ஒரு புது டேபிள் போட்டாள். ஒரு சென்சாருக்கு இனி எத்தனை வயல் வேண்டுமானாலும் இருக்கலாம். 'ஊன்றுபவர் பெயர்' என்ற கட்டம் வந்ததும், காலியாக இருக்கக் கூடாது என்ற தன் சட்டத்தைத் தானே அழித்தாள்.