பேசும் கேமரா

"கலைவாணிய வேலைய விட்டு நிறுத்திடுங்க சார். மெஷின் இருக்கும்போது ஆள் எதுக்கு?"

காலை ஏழு மணிக்கே செஞ்சி குளக்கரைத் தெருவின் சார்பாகத் தாண்டவராயன் மனுவை நீட்டினார். கேமராவைச் சோதிக்க வந்த பேரூராட்சி இன்ஜினியர் எழிலன் வாங்கிக்கொண்டார்.

தெருமுனைக் கம்பத்தில் ஏஐ கேமரா. யாராவது கண்ட இடத்தில் குப்பை போட்டால், பார்த்து ஸ்பீக்கரில் சொல்லும். வைத்து மூன்று மாதம்.

"தெருவே மாறிடுச்சு சார். 'கட்டம்போட்ட லுங்கி ஐயா, குப்பையைப் பிரித்துப் போடவும்'னு என்னையே சொல்லிச்சு. மறுநாள்லேருந்து பேண்ட் போட்டுக்கினுதான் குப்பை கொட்ட வர்றேன்."

எதிர்வீட்டு ஸ்டெல்லா குறுக்கே வந்தாள். "எனக்கு 'மஞ்சள் புடவை அம்மா, நன்றி'ன்னுது சார். எங்க வீட்டுக்காரர் இருபது வருஷத்துல ஒருதடவ நன்றி சொன்னதில்ல. இப்ப தினம் ஒரு புடவை மாத்திக்கினு வர்றேன்."

கூட்டம் சிரித்தது.

"அமாவாசைக்கு மேல்மலையனூர் போற பஸ்காரங்க கூட சாப்பிட்ட இலைய எடுத்துத் தொட்டில போடுறாங்க," என்றார் தாண்டவராயன். "தெரு பெருக்குற கலைவாணி மட்டும் காலைல ஆறரைக்கு மோட்டார் ரூமுக்குள்ள போச்சுன்னா எட்டு மணிக்குத்தான் வெளிய வருது. சும்மா குந்திக்கினு சம்பளம்."

எழிலன் ஏணியில் ஏறி, ஒட்டியிருந்த டேப்பைப் பிய்த்துக் கீழே போட்டுவிட்டுக் கேமராப் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே எல்லாம் இடியில் கருகிக் கிடந்தது. லேப்டாப்பில் பார்த்தார். கேமரா கடைசியாகப் படம் பிடித்தது, வைத்த நாலாவது நாள்.

அப்போது ஸ்பீக்கர் பேசியது.

"ஏணி மேல் நிற்கும் ஐயா, கீழே போட்ட டேப்பை எடுத்துத் தொட்டியில் போடவும்."

எழிலன் இறங்கி டேப்பை எடுத்துப் போட்டார். பிறகு ஸ்பீக்கர் ஒயரைப் பார்த்துக்கொண்டே நடந்தார். அது மோட்டார் ரூமுக்குள் போனது.

ஜன்னலோரம் கலைவாணி. ஒரு கையில் மைக். இன்னொரு கையால் மூக்கைப் பிடித்திருந்தாள்.

அவரைப் பார்த்ததும் மைக்கை அணைத்தாள்.

"பதினோரு வருஷமா என் சொந்தக் குரல்ல இதையேதான் சார் சொன்னேன். ஒருத்தர் காதுலயும் ஏறல. மெஷின் சொன்ன நாலு நாள் கேட்டாங்க. அது நின்னுபோச்சு. அதான்..." குரல் இறங்கியது. "வேலை போயிடுமா சார்?"

எழிலன் வெளியே வந்தார்.

"இன்னா சார், மெஷின் எப்டி இருக்குது?" என்றார் தாண்டவராயன்.

"பிரமாதம்," என்று மனுவை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார் எழிலன். "ஆனா ஒண்ணு. கலைவாணி அந்த ரூமுக்குள்ள இல்லாத அன்னைக்கு, அது வாயே தொறக்காது."