நெல்மேல் நடந்தவன்

கறம்பக்குடிக்கு அப்பால், காயப்போட்ட கோடை நெல் குறுகிய தார்ச்சாலையின் பாதியை மூடிப் பொன்னாய்க் கிடக்கிறது. தேர்தல் காவலுக்கு வந்த துணை ராணுவப் படையொன்று முகாமிலிருந்து புறப்பட்டு இரு வரிசையாய் அணிவகுத்து வருகிறது. மறுபாதிச் சாலையில் ஒரு வரிசைக்குத்தான் இடம். இடப்புற வரிசை அடி பிறழாமல் நெல்லின்மேல் ஏறுகிறது. அதன் கடைசியில் வருபவன் இதே மாவட்டத்துக் குன்றாண்டார்கோவில் உழவர் மகன் நிலவழகன். களத்தில் செருப்புக் கால் படுவதைத் திருமகளையே மிதித்த பாவமாய் எண்ணும் குடியில் பிறந்தவன். விலகினால் அணி குலையுமென்று அவனும் ஏறுகிறான். பூட்ஸின் கீழே நெல் நறநறவென்று நெரிகிறது. "பூட்ஸ் காலோட மிதிக்கிறானுக பாரு!" என்று நெல் தள்ளும் பலகையை ஓங்குகிறார் நெல்லுக்குச் சொந்தக்காரர் ரெங்கராஜ். அவர் மனைவி சொர்ணவல்லி கையைப் பற்றிச் சிரிக்கிறார்: "விடுங்க, வடக்கத்திப் புள்ளைக. சப்பாத்தி திங்கிறதுகளுக்கு நெல்லோட அருமை என்ன தெரியும்?" அந்த மன்னிப்புக்குள் ஒளிந்துகொண்டு, தமிழே அறியாதவன்போல் முகத்தை இறுக்கி நடக்கிறான் நிலவழகன். தலைக்கவசத்தினின்று வியர்வை வழிந்து கண் கரிக்கிறது. நெற்பரப்பு முடியுமிடத்தில், அவனைக் கேளாமலே அவன் உடல் குனிந்து, கை ஓரத்து மணிகளைத் தொட்டு, இரு கண்களிலும் ஒற்றிக்கொள்கிறது. சொர்ணவல்லியின் சிரிப்பு அப்படியே நின்றுவிடுகிறது. அருகில் வந்து, கணவருக்குக் கேளாத குரலில் கேட்கிறார்: "தெரிஞ்சுமாய்யா மிதிச்ச?" முன்னே போகும் பூட்ஸுகளின் ஓசை தேய்ந்துகொண்டே போகிறது. பூட்ஸில் ஒட்டிய மணிகளை எடுத்து அவர் முந்தானையில் போட்டுவிட்டு, அணியை நோக்கி ஓடுகிறான் அவன்.