முதல் வரிசைக் குறட்டை

முதல் வரிசையில் உட்கார்ந்து அன்புக்கரசி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

வேறு இடமாக இருந்தால் பரவாயில்லை. போக்குவரத்து விதியை மீறிப் பிடிபட்டவர்களுக்காக விருத்தாசலத்தில் ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நடக்கும் ஒருநாள் வகுப்பு அது. சாயங்காலம் சான்றிதழ் தருவார்கள். அது கிடைக்காவிட்டால் லைசென்ஸ் மூன்று மாதம் முடங்கிவிடும்.

அன்புக்கரசிக்குச் சொந்தமாகப் பீங்கான் பட்டறை இருந்தது. கார்த்திகை தீபத்துக்கு ஒரு வாரம்தான் பாக்கி. அகல் விளக்குகளை வைக்கோல் பரப்பி வேனில் அடுக்கி, பெண்ணாடம் வரைக்கும் கடை கடையாகப் போட அவளேதான் ஓட்டிப் போக வேண்டும். வருஷம் பூராவும் அடுப்பெரிவது இந்த ஒரு வாரத்தை நம்பித்தான். அப்படிப்பட்டவள் தூங்கினால் பார்க்கிறவர்களுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

பாடம் நடத்திய பத்ரிநாராயணனுக்கு வந்தது.

"இந்த மாதிரி ஆளுங்களாலதான் ரோடு இந்த லட்சணத்துல இருக்கு. காலைல சேத்தியாத்தோப்பு பாலத்துல ஒரு லாரிக்காரன் என் காரை உரசிட்டு நிக்காமப் போயிட்டான். நானும் மனுஷன்தான். சிதம்பரத்துல கல்யாணம், ராத்திரி பூரா முழிப்பு. முகூர்த்தம் முடிஞ்ச கையோட காரை எடுத்துட்டு இங்க வந்து நிக்கறேன். ஒரு கொட்டாவி விட்டேனா? ஒரு காப்பி போதும் எனக்கு."

மதியம் கொடுத்த சாம்பார் சாதம் எல்லோர் கண்ணிலும் இறங்கியிருந்தது. மின்விசிறி வேறு தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

அன்புக்கரசி அங்கேயே இல்லை. கனவில் அவளுடைய வேன் மணிமுத்தாற்றுத் தண்ணீர்மேல் மிதந்து போய்க்கொண்டிருந்தது. பின்னால் வைக்கோலுக்குள் இருந்த அகல்கள் ஒவ்வொன்றாகத் தானாகவே எரியத் தொடங்கின. வைக்கோல் பற்றவில்லை. பீங்கான் பொம்மைகள் வெளியே கையை நீட்டி, பின்னால் வருகிறவர்களை முந்திப் போகச் சொல்லிச் சைகை காட்டின. யாருக்கும் அவசரமில்லை. ஹாரன் சத்தம் என்று ஒன்று அந்த ஊரிலேயே கிடையாது. காலால் பிரேக்கைத் தேடினாள். அந்த வண்டிக்குப் பிரேக் தேவைப்படவில்லை. அவளுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் துர்கா அவள் தொடையைக் கிள்ளினாள்.

"அக்கா, எழுந்திருங்க. சார் உங்களத்தான் கேக்குறாரு."

அன்புக்கரசி வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஆறு இன்னும் கண்ணுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க ஆடி மாசமும் இந்த வகுப்புக்கு வந்தீங்க இல்ல?" என்று கேட்டார் பத்ரிநாராயணன்.

"ஆமாங்க சார். அப்ப வேகமா போனதுக்கு."

"இப்ப எதுக்கு?"

"ஆளில்லாம வண்டிய ரோட்டுல வுட்டுட்டுப் போயிட்டேன்னு கேஸு. ஆனா நான் எங்கயும் போவலீங்க. மங்கலம்பேட்டை ரோட்டுல நிறுத்திட்டு, பின்னால ஏறி வைக்கோலுக்குள்ள படுத்துட்டேன். அகலோட அகலா கெடந்ததுல யாரு கண்ணுக்கும் தெரியல. எழுந்து பாத்தா கண்ணாடியில சீட்டு ஒட்டியிருக்குது."

கூடமே குலுங்கிச் சிரித்தது. பத்ரிநாராயணன் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப போன தடவை வந்து நீங்க ஒண்ணும் கத்துக்கலை. இந்தத் தடவையும் தூக்கம். உங்களுக்கெல்லாம் வகுப்பு நடத்தி ஒரு புண்ணியமும் இல்ல. சான்றிதழ் கிடையாது, கிளம்புங்க."

சிரிப்பு நின்றுபோயிற்று. பட்டறையில் அடுக்கி வைத்த அகல்கள் ஒரு நிமிஷம் அன்புக்கரசியின் கண்முன் வந்து போயின.

"சார், கத்துக்காம இல்லீங்க. தூக்கம் வந்தா யோசிக்காத, வண்டிய நிறுத்திட்டுத் தூங்குன்னு ஆடி மாசம் நீங்கதான் சொன்னீங்க. அதுக்கு முன்னாடியெல்லாம் மூஞ்சில தண்ணிய அடிச்சிக்கிட்டு ஓட்டிக்கிட்டே இருப்பேன். அன்னிலேர்ந்து அது கெடையாது. நிறுத்துன எடம் கொஞ்சம் வளைவு, அது என் தப்புதான்."

"சரி, இங்க ஏன் தூங்கினீங்க?"

"நேத்து ராத்திரி சூளை எரிஞ்சுது சார். பக்கத்துலயே காவல் இருந்ததுல பொட்டுத் தூக்கமில்ல. அதான் வேனைப் பட்டறையிலயே வுட்டுட்டு டவுன் பஸ்ஸுல வந்தேன். நாற்காலியில தூங்குனா ஒரு அகலு கூட ஒடையாதுங்களே."

பத்ரிநாராயணன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். மேசைக்குப் போய், அவள் பெயர் போட்ட சான்றிதழைத் தேடி எடுத்து முதலில் அதில் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு நடத்திய பாடத்தில் அவர் குரல் எழும்பவே இல்லை.

வகுப்பு முடிந்து அன்புக்கரசி பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது வெயில் பழுத்து ஊர்மேல் சாய்ந்திருந்தது. பாதிக் கனவு இன்னும் கலையாத மாதிரிதான் அவளுக்கு எல்லாம் தெரிந்தது. அதனால் பக்கத்தில் வந்து நின்றவர் பத்ரிநாராயணன் என்று நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"சேத்தியாத்தோப்பு பஸ்ஸு இங்கதானே நிக்கும்? என் வீடு அங்கதான்."

"இங்கதாங்க சார். ஏன், உங்க கார் என்னாச்சுங்க?"

"மண்டபத்துலயே இருக்கட்டும். நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்."

"அந்த லாரிக்காரன் அவ்ளோ பலமாவா உரசிட்டான்? வண்டி ஓடலீங்களா?"

பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பி, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"கார் நல்லாத்தான் ஓடுதும்மா. லாரின்னு ஒண்ணு வரவே இல்ல. நான் போய் உரசினது பாலத்துக் கைப்பிடிச் சுவரை."