மூன்றாம் வரிசை ஓடு

அப்பா ஏணியிலிருந்து இறங்குவதற்குள் அம்மா சோப்பும் துண்டுமாகக் கீழே வந்து நின்றுவிட்டாள். அவர் கேட்கக்கூட இல்லை.

“ஒரு ஓட்டை நகர்த்தி வைக்க முக்கால் மணி நேரமா? கூரை போட்டப்பகூட இவ்வளவு நேரம் ஆகியிருக்காதுங்க.”

“ஓட்டோட அருமை உனக்கு எங்க தெரியும்? ஒண்ணு ஒழுகினா ஒண்ணை மாத்தினாப் போச்சு. காங்கிரீட்டுன்னா மொத்தமா கொத்தணும். வெயில் காலத்துல உள்ள உக்காந்து வெந்து சாகணும்.” சொல்லிக்கொண்டே கை, முகம், வாய் எல்லாம் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

நான்கு மாதம் ஆகியும் அந்த ஏணியை எடுக்க அம்மா விடவில்லை. மகனும் வற்புறுத்தவில்லை. ஆனால் கூரை விஷயத்தில் பிடிவாதமாக இருந்தான். மழைக்காலம் வருகிறது. சமையலறைக்கு மேலே மூன்றாம் வரிசை எப்போதும் ஒழுகும். வாரம் தவறாமல் ஏறிப் பார்த்தவர் இப்போது இல்லை.

“பிரிச்சுட்டு காங்கிரீட் போட்டுடலாம்மா.”

“உங்கப்பா இல்லாத நேரமாப் பார்த்து அவரைத் தோக்கடிக்கிறியாடா? ஓட்டுக்காரரைக் கூப்பிடு. ஓடு போச்சுன்னு அவர் சொன்னா பிரிச்சுக்கோ.”

ஓட்டுக்காரர் வந்தார். மகனும் பின்னாலேயே ஏறினான். அவர் ஒவ்வொரு ஓடாக விரலால் தட்டிக்கொண்டே போனார்.

“எல்லாம் கணீர்னு இருக்கு தம்பி. இதைப் பிரிக்க உங்களுக்கு எப்படி மனசு வருது?” மூன்றாம் வரிசையில் அவர் கை நின்றது. “இது ஒண்ணுதான் பக்கத்து ஓட்டோட பொருந்தாம தூக்கிட்டு இருக்கு. ஒழுகாம என்ன செய்யும்?”

எடுத்துப் பார்த்தார். அடியில், சட்டத்தின் மேல் ஒரு சின்னத் தகர டப்பா. திறந்தால் தீப்பெட்டியும் மூன்று சிகரெட்டும்.

மகனுக்குச் சிரிப்பு வந்தது. ‘நீ பொறந்த அன்னிக்கு விட்டவர்டா, அப்புறம் கையால தொட்டதில்லை’ என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்படுவாள்.

டப்பாவைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான். “அண்ணே, அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.”

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா அண்ணாந்து பார்த்தாள். “அங்க என்னடா குசுகுசுன்னு? ஓடு எப்படி இருக்காம்?”

“நல்லா இருக்காம்மா. ஒண்ணே ஒண்ணுதான் நகர்ந்திருக்கு. அப்பாதான் ஜெயிச்சாரு, பிரிக்க வேண்டாம்.”

“அப்போ டப்பாவை இருந்த இடத்துலயே வச்சுட்டு இறங்கு. மூணும் இருக்குல்ல?”